“ஒருநாள் பணக்காரர் ஆக விருப்பமா?”: ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் எப்படிப் பேசுவது

2023இல் கோயம்புத்தூரில் முதல் முறை ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினேன். கேட்டல், படித்தல் இரண்டிலும் 7.5, எழுதுதலில் 6.5. பேச்சில் மட்டும் 6. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறப் பேச்சில் 7 வேண்டும். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக மறுபடி பணம் கட்டி, மறுபடி விடுப்பு எடுத்து, மறுபடி அதே வாசலில் போய் நின்றேன். இரண்டாம் முறை 7 கிடைத்தது.

முதல் முறை என்னைத் தடுமாற வைத்தது மிகச் சாதாரணமான ஒரு கேள்வி: “வுட் யூ லைக் டு பி ரிச் ஒன் டே?” பதில் எனக்குள் நிறையவே இருந்தது. வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு, அடகில் இருக்கும் அம்மாவின் வளையல்கள். வாயில் வந்ததோ “யெஸ், ஐ வில் டெஃபனெட்லி பிகம் எ ரிச் இன் ஃபியூச்சர்” என்ற ஒரு வரி. அதன் பிறகு நான் பேசியதெல்லாம் அந்த வரியைச் சரிக்கட்டும் முயற்சிதான்.

ஏன் 6 என்று யாரும் விளக்கம் சொல்வதில்லை. எண் மட்டும்தான் வரும். ஆகவே என் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து, நானே கேட்டுக் கேட்டுப் பிழைகளைப் பிரித்தேன். பணம், செல்வம், எதிர்காலம் என்று வரும்போது தமிழில் யோசிக்கும் நமக்கு எங்கெங்கே கால் இடறுகிறது என்பதைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். இது பேச்சுத் தேர்வு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. பாஸ்போர்ட், கட்டணம், நாள்

பேச்சைப் பற்றிப் பேசும் முன் இதை முடித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்தத் தேர்வுக்கு அடையாளச் சான்றாக பாஸ்போர்ட் மட்டுமே செல்லும். ஆதாரைக் காட்டி உள்ளே போக முடியாது. நகலும் கூடாது, அசல் வேண்டும். பதிவு செய்தபோது எந்த பாஸ்போர்ட்டின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதையே கொண்டுபோக வேண்டும். பதிவு செய்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் உடனே தேர்வு மையத்துக்குத் தெரிவியுங்கள்.

36 பக்கப் புதிய பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கல் என்றால் இன்னும் 2,000. காவல்துறைச் சரிபார்ப்பு எத்தனை நாளில் முடியும் என்பது நம் கையில் இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வராமல் தேர்வுக்கு நாள் குறிக்காதீர்கள்.

பெயரில் கவனம் தேவை. நம்மில் பலருக்கு முன்னெழுத்து ஒன்று, பெயர் ஒன்று. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். பள்ளிச் சான்றிதழில் எப்படி இருந்தாலும், விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள்.

முதல் முறை நான் கட்டிய கட்டணம் 16,250 ரூபாய். அதன் பிறகு கூடிவிட்டது. பதிவு செய்யும் நாளில் என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையத்துக்கு 9,000, மதுரையிலிருந்து கோவைக்கு பஸ், தங்கிய செலவு எல்லாம் சேர்த்து இரண்டு முறைக்கும் 45,000 ரூபாயைத் தாண்டியது. இந்தத் தொகையை இங்கே எழுதக் காரணம், முதல் முறையிலேயே நீங்கள் முடித்துவிட வேண்டும் என்பதுதான்.

பேச்சுத் தேர்வு மற்ற மூன்று பகுதிகள் நடக்கும் அதே நாளில்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோகூட அது வரலாம். நாளும் நேரமும் உறுதியான பிறகு விடுப்புக் கேளுங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள்.

2. 11 முதல் 14 நிமிடம்: கேள்வி எங்கே வரும்?

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் நான்கைந்து நிமிடம் வீடு, வேலை, பழக்கங்கள் என்று பழகிய விஷயங்களைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் பேச வேண்டிய பொருள் எழுதிய ஓர் அட்டை, ஒரு தாள், ஒரு பென்சில் தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அதே பொருளை ஒட்டிப் பொதுவான விவாதம்.

பணம் இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம். முதல் பகுதியில் வந்தால் இரண்டு மூன்று வாக்கியம் போதும். மூன்றாம் பகுதியில் “உங்கள் ஊரில் இளைஞர்கள் பணத்துக்கு அதிக முக்கியத்துவம் கொடுக்கிறார்களா?” என்ற மாதிரி வந்தால் காரணமும் உதாரணமும் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் நான்கு அளவுகோல்களில், நான்குக்கும் சம பங்கு: தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உங்கள் கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. “எனக்குப் பணக்காரர் ஆக விருப்பமே இல்லை” என்றாலும் குறைக்க மாட்டார்கள். ஆகவே உண்மையைச் சொல்லுங்கள்; உண்மையாக இருந்தால் வார்த்தைகள் தேடாமலே வரும். மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், அது மதிப்பெண்ணைக் குறைக்கும்.

3. எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தமிழில் “ஒருநாள் நான் பணக்காரன் ஆவேன்” என்றால் அதில் ஆசையும் இருக்கலாம், நம்பிக்கையும் இருக்கலாம், சபதமும் இருக்கலாம். குரலை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல் செய்கிறது. “ஐ வில் பிகம் ரிச்” என்பது இலக்கணப்படி சரிதான். ஆனால் கேட்பவர் காதில் அது மேடையில் எடுத்த சபதமாக விழும். இயல்பான உரையாடலில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு படி இறங்கியே பேசுவார்கள்.

ஆசை மட்டும் என்றால்: “ஐ'ட் லைக் டு பி வெல் ஆஃப் ஒன் டே.” ஆசை அதிகம், நடக்குமா என்பது வேறு கதை என்றால்: “ஐ'ட் லவ் டு பி ரிச், பட் ஐ டோன்ட் ரியலி எக்ஸ்பெக்ட் டு பி.” இந்தப் பின்பாதியை நான் மிகவும் விரும்புகிறேன். நேர்மையாக இருக்கிறது, பேச்சும் தானாக அடுத்த வாக்கியத்துக்கு நகர்கிறது.

நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால்: “ஐ ஹோப் டு பி...” அல்லது “ஐ'ம் ஹோப்பிங் டு...” இரண்டாவது இன்னும் மென்மையானது. உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால்: “ஐ'ம் வொர்க்கிங் டுவர்ட்ஸ் இட்.” உறுதியாகவே நம்புகிறீர்கள் என்றால் “ஐ'ம் கோயிங் டு பி ரிச் ஒன் டே” என்று சொல்லலாம், தவறில்லை, ஆனால் உடனே எப்படி என்று சொல்லத் தயாராக இருங்கள்.

இப்போது பொறிகள். “ஐ விஷ் டு பிகம் ரிச்” என்பது விண்ணப்பக் கடிதத்தின் நடை, பேச்சில் ஒட்டாது. “ஐ விஷ் ஐ வில் பி ரிச்” தவறு. “ஐ விஷ் ஐ வேர் ரிச்” சரி, ஆனால் அதன் பொருள் வேறு: இப்போது நான் பணக்காரர் இல்லையே என்ற ஏக்கம். எதிர்காலக் கேள்விக்கு அது பதிலாகாது.

“ஐ ஆம் டிரீமிங் டு பிகம்” என்று நாங்கள் வகுப்பில் எல்லோருமே சொல்லிக்கொண்டிருந்தோம். “டிரீம்” வினையாக வந்தால் பின்னால் “ஆஃப்” வேண்டும்: “ஐ டிரீம் ஆஃப் பீயிங் ரிச்.” பெயராக வந்தால் “மை டிரீம் இஸ் டு...” என்று தொடரலாம். “ஐ'ம் பிளானிங் டு பிகம் ரிச்” என்பதும் சரியாக உட்காராது. சேமிப்பதைத் திட்டமிடலாம், வீடு வாங்குவதைத் திட்டமிடலாம். “ஐ'ம் பிளானிங் டு பை எ ஸ்மால் பிளேஸ் இன் மதுரை” என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது.

4. “ஒருநாள்” என்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள்

“ஒன் டே” இறந்த காலத்துக்கும் வரும், எதிர்காலத்துக்கும் வரும், நம் “ஒருநாள்” போலவே. “சம்டே” எதிர்காலத்துக்கு மட்டும். எப்போது என்று தெரியாத ஒரு நாள். கேள்வியில் “ஒன் டே” வந்தால் பதிலில் “சம்டே” சொல்லலாம். இரண்டுமே பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் உட்காரும்.

ஆனால் “இன் ஒன் டே” என்று சொல்லிவிடாதீர்கள். அதன் பொருள் ஒரே நாளில். “ஐ வாண்ட் டு பி ரிச் இன் ஒன் டே” என்றால் விடிவதற்குள் கோடீஸ்வரர் ஆக வேண்டும் என்றாகிவிடும். “சம் டேஸ்” என்பது சில நாட்கள். “ஒன் ஃபைன் டே” நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது கதை சொல்லும் நடை, இங்கே வேண்டாம்.

“இன் ஃபியூச்சர்” என்பதும் ஒரு வழுக்கல். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்கு “இனிமேல்” என்று பொருள்: இனிமேல் தாமதமாக வராதே என்று கண்டிக்கும்போது வருவது. எதிர்காலத்தில் என்று சொல்ல “இன் த ஃபியூச்சர்”. நடுவில் ஒரு சின்ன “த”, பொருளே மாறுகிறது.

“ஈவென்சுவலி” என்பதை “ஒருவேளை” என்று நினைத்துப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் பொருள், பல காலம் கழித்துக் கடைசியில். “ஐ'ட் லைக் டு ரன் மை ஓன் கிளினிக் ஈவென்சுவலி” என்று சொல்வது பொருத்தம்.

வயதை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவு: “பை த டைம் ஐ'ம் ஃபார்ட்டி, ஐ ஹோப் டு ஹேவ் பெய்ட் ஆஃப் த லோன்.” இந்த வடிவத்தை ஒருமுறை சரியாகச் சொல்ல முடிந்தால் இலக்கண மதிப்பெண்ணுக்கு நல்லது.

5. எவ்வளவு பணம்? சொல்லுக்குச் சொல் அளவு மாறும்

பயிற்சி மையத்தில் எங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: “பணக்காரர்” என்பதற்கு இருபது ஆங்கிலச் சொற்கள். பெரிய சொல்லாகச் சொன்னால் பெரிய மதிப்பெண் என்றார்கள். நான் முதல் தேர்வில் “ஐ வாண்ட் டு பி அஃப்ளூயன்ட்” என்றேன். அந்தச் சொல் பெரும்பாலும் பகுதிகளுக்கும் சமூகங்களுக்கும் வருவது: “ஆன் அஃப்ளூயன்ட் ஏரியா”. தன்னைப் பற்றிய ஆசையாக அதை யாரும் பேச்சில் சொல்வதில்லை. பொருத்தமில்லாத பெரிய சொல்லைவிடப் பொருந்திய சின்னச் சொல்லுக்கே மதிப்பு.

“ரிச்” பொதுச் சொல், எங்கும் செல்லும். “வெல்தி” கொஞ்சம் கம்பீரமானது. சொத்து, நிலம், முதலீடு என்று நிலைத்திருக்கும் செல்வத்தை நினைவூட்டும். “வெல் ஆஃப்” என்பது நம் “வசதியானவர்”. “கம்ஃபர்ட்டபிள்” என்பது அதற்கும் கீழே, கடன் இல்லை, மாதக் கடைசியில் கவலை இல்லை என்ற நிலை. நம்மில் பலர் உண்மையில் கேட்பது இந்தக் கடைசி நிலையைத்தான். ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது அந்தச் சொல் தெரியாததால் “ரிச்” என்று சொல்லி, பிறகு அதை நியாயப்படுத்தத் திணறுகிறோம்.

இரண்டாம் முறை நான் சொன்ன பதில் ஏறக்குறைய இதுதான்: “ஐ'ட் லைக் டு பி கம்ஃபர்ட்டபிள் ஒன் டே, நாட் நெசசரிலி ரிச். மை மதர் புட் ஹெர் பேங்கிள்ஸ் அப் ஃபார் எ லோன் வென் ஐ வாஸ் இன் காலேஜ். இஃப் ஐ குட் கெட் தோஸ் பேக் ஃபார் ஹெர், ஐ'ட் பி ஹாப்பி.” மூன்றே வாக்கியங்கள், ஒரு பெரிய சொல்கூட இல்லை. தேர்வாளர் தலையசைத்து, “ஹவ் லாங் டூ யூ திங்க் தட் வில் டேக்?” என்று அடுத்ததைக் கேட்டார். முதல் முறை நான் பேசி முடித்தபோது அறையில் இருந்த கனத்த மௌனம் இந்த முறை இல்லை.

இதைப் படித்து மனப்பாடம் செய்யாதீர்கள். வளையல் என்னுடைய கதை. உங்களுக்கு ஒரு கிணறோ, ஒரு கடையோ, அண்ணனின் கல்யாணக் கடனோ இருக்கும்.

மற்ற சில தொடர்கள்: நன்றாகச் சம்பாதிப்பதற்கு “மேக் குட் மணி”. பெரும் பொருள் ஈட்டுவதற்கு “மேக் எ ஃபார்ச்சூன்”. பிழைப்புக்குச் சம்பாதிப்பது “எர்ன் எ லிவிங்”. இதைப் பணக்காரர் ஆவது என்ற பொருளில் சொல்லக் கூடாது. பரம்பரைச் சொத்து வழியாகப் பணம் வந்து சேர்ந்தால் “கம் இன்டு மணி”. “கெட் ரிச் குவிக்” என்றால் ஏமாற்றுத் திட்டத்தின் வாடை வரும். மூன்றாம் பகுதியில் சீட்டு மோசடிகளைப் பற்றிப் பேச அது உதவும். “லோடட்”, “ரோலிங் இன் இட்” எல்லாம் நண்பர்களுக்குள் மற்றவரைப் பற்றிப் பேசும் சொற்கள், உங்கள் ஆசையைச் சொல்ல ஆகாது.

இரண்டு சிறிய இலக்கணக் குறிப்புகள். “எ ரிச்” என்று நிறுத்தக் கூடாது. “ரிச்” என்று தனியாகவோ “எ ரிச் பெர்சன்” என்றோ சொல்ல வேண்டும். “த ரிச்” என்றால் பணக்காரர்கள் எல்லோரும். அது பன்மை, ஆகவே “த ரிச் ஆர்”.

6. “ஆகும்போது”, “ஆனால்”: தமிழ் எங்கே இழுக்கிறது, எங்கே உதவுகிறது

என் பதிவுகளில் அதிகம் கேட்ட பிழை இதுதான். இரவுப் பணியின் இடைவேளையில், உடை மாற்றும் அறையில் நின்று இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். திரும்பக் கேட்டபோது “வென் ஐ வில் பி ரிச்” என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். நாம் “பணக்காரர் ஆகும்போது” என்கிறோம். அந்த “ஆகும்” எதிர்காலத்தைக் காட்டுவதால் “வில்” தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் “வென்”, “இஃப்”, “ஒன்ஸ்”, “பை த டைம்” இவற்றின் பின்னால் இந்தப் பொருளில் “வில்” வராது. “வென் ஐ'ம் ரிச், ஐ'ல் டிராவல்.” எதிர்காலம் இரண்டாம் பாதியில் மட்டும்.

“இஃப்” வரும்போது தமிழ் உதவிக்கு வருகிறது. “பணம் வந்தால்” என்று சொல்லிப் பாருங்கள். “வந்தால்” என்பதற்குள் “வந்த” என்ற இறந்தகால வடிவம் இருக்கிறது. ஆனால் நாம் பேசுவது நடக்காத ஒன்றை. ஆங்கிலமும் நடக்க வாய்ப்புக் குறைவு என்று காட்ட இறந்தகால வடிவத்தைத்தான் எடுக்கிறது: “இஃப் ஐ காட் ரிச், ஐ'ட் பில்ட் எ ஸ்கூல்.” நடக்கக்கூடியது என்று நம்பினால் நிகழ்காலம்: “இஃப் ஐ கெட் ரிச், ஐ'ல் பில்ட் எ ஸ்கூல்.” தமிழில் இரண்டுக்கும் “வந்தால்” ஒன்றே. ஆங்கிலத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்த பிறகு பதில் முடியும் வரை அதிலேயே நிற்க வேண்டும். “காட்” என்று தொடங்கி “ஐ'ல்” என்று முடிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

“இஃப் ஐ வுட் பிகம் ரிச்” வேண்டவே வேண்டாம். “இஃப் ஐ எவர் கெட் ரிச்” என்பது அழகான தொடர். நம் “எப்போதாவது பணம் வந்தால்” என்ற தொனி அப்படியே இருக்கிறது.

“பிகம்”, “கெட்” இரண்டில் பேச்சுக்கு “கெட்” எளிது. “பிகம்” தவறில்லை. ஆனால் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம்; “பி” போதும். “ஐ'ட் லைக் டு பி ரிச்.”

7. நம் ஊர் ஆங்கிலம் எங்கே தடுக்கிறது

“செட்டில் இன் லைஃப்”, “வெல் செட்டில்ட்” என்று கல்யாணத் தரகர் முதல் பேராசிரியர் வரை சொல்வார்கள். நமக்கு அதன் பொருள் தெரியும். பிரிட்டனில் இருந்து வந்த ஒருவருக்கு “செட்டில் டவுன்” என்றால் திருமணம் செய்து ஓரிடத்தில் நிலைப்பது, பணம் அதில் இல்லை. “ஐ'ட் லைக் டு பி ஃபைனான்ஷியலி செக்யூர்” என்று சொல்லுங்கள்.

“கம் அப் இன் லைஃப்” நம் “வாழ்க்கையில் மேலே வருவது”. அதற்கு “டு டூ வெல் ஃபார் மைசெல்ஃப்” அல்லது “டு கெட் அஹெட்”. “மணி மைண்டட்” என்பதை விட்டு “மெட்டீரியலிஸ்டிக்” என்றோ “ஹி ஒன்லி கேர்ஸ் அபௌட் மணி” என்றோ சொல்லலாம். “ஐ பிலாங் டு எ மிடில் கிளாஸ் ஃபேமிலி” கேட்டால் புரியும், ஆனால் “ஐ'ம் ஃப்ரம் எ மிடில் கிளாஸ் ஃபேமிலி” என்பதே இயல்பு.

லட்சம், கோடி: தேர்வாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், மாற்றிச் சொல்லப் பழகுங்கள். ஒரு லட்சம் “எ ஹண்ட்ரட் தௌசண்ட்”, பத்து லட்சம் “எ மில்லியன்”, ஒரு கோடி “டென் மில்லியன்”. பேச்சின் நடுவே கணக்குப் போட்டால் சரளம் கெடும். உங்கள் கதைக்கு வேண்டிய இரண்டு மூன்று தொகைகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தொகை, ஆண்டுச் சம்பளம், அவ்வளவுதான். நகைக்கடன் என்பதற்கு “ஜுவல் லோன்” வேண்டாம். “எ லோன் அகெய்ன்ஸ்ட் கோல்ட்” என்றால் உலகத்துக்கே புரியும்.

“மச் மணி” என்று உடன்பாட்டு வாக்கியத்தில் சொல்லாதீர்கள். “எ லாட் ஆஃப் மணி.” “மச்” எதிர்மறையிலும் கேள்வியிலும் நன்றாக இருக்கும்: “வி டிட்ன்ட் ஹேவ் மச் மணி.”

8. உச்சரிப்பு

“ரிச்” குறில், “ரீச்” நெடில். இது தமிழருக்குப் பிரச்சினையே இல்லை, மகிழ்ச்சி.

“வெல்தி”யில்தான் இரண்டு சிக்கல். முதலெழுத்துக்குப் பற்கள் உதட்டைத் தொடக் கூடாது. விசில் அடிப்பது போல் உதடுகளைக் குவித்துத் தொடங்குங்கள். “தி” சொல்லும்போது நாக்கு பற்களுக்கு நடுவே சற்று வெளியே வந்து காற்று கசிய வேண்டும், நம் “த” போல் அடைத்துத் திறக்கக் கூடாது. கண்ணாடி முன் நின்று பத்து முறை சொன்னால் வித்தியாசம் தெரியும்.

“கம்ஃபர்ட்டபிள்” என்று நாம் எழுதுகிறோம். பேச்சில் பெரும்பாலும் “கம்ஃப்டபிள்”, மூன்றே அசை, அழுத்தம் முதல் அசையில். “அஃபோர்ட்” என்பதில் அழுத்தம் இரண்டாவதில்.

“ஐ'ட்” என்பதன் கடைசி ஒலியை விழுங்கிவிட்டால் “ஐ லைக் டு பி ரிச்” என்று கேட்கும். விருப்பம் என்பது பழக்கமாக மாறி, இலக்கணப் பிழையாகக் கணக்காகலாம். நாக்கு அந்த ஒலியை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகட்டும்.

9. நான்கு வாரப் பயிற்சி

இதற்குச் செலவு எதுவும் இல்லை, கைபேசி போதும். தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

முதல் வாரம், இந்தக் கட்டுரையில் 3 என்று எண்ணிட்ட தலைப்பின் கீழ் சொன்ன வினைச்சொற்கள் மட்டும். ஒரே ஆசையை ஐந்து விதமாகச் சொல்லுங்கள்: வீடு வாங்குவதோ, கடன் அடைப்பதோ, தொழில் தொடங்குவதோ, எதுவாகவும் இருக்கலாம். இரண்டாம் வாரம் “வென்”, “இஃப்”. பேசிப் பதிவு செய்து, எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான் “வில்” எத்தனை இடத்தில் நுழைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் வாரம் கடிகாரம் வைத்து, ஒரு நிமிடம் குறிப்பு, இரண்டு நிமிடம் பேச்சு. குறிப்பில் முழு வாக்கியம் எழுதாதீர்கள், நேரம் போய்விடும். நான்கு சொற்கள் எழுதினால் போதும். என் தாளில் இருந்தவை: வளையல், கடன், நாற்பது, மதுரை.

நான்காம் வாரம் யாரிடமாவது பேசுங்கள். உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் தினமும் தேநீர் நேரத்தில் என்னைக் கேள்வி கேட்டார். அவருக்கும் ஆங்கிலம் என் அளவுதான். ஆனால் எதிரே ஒரு முகம் இருந்தால் குரல் மாறுகிறது, அவசரம் குறைகிறது. நான் கட்டிய 9,000 ரூபாயைவிட அந்தப் பத்து நாள் தேநீர் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

10. தேர்வு நாளும் அதன் பிறகும்

பேச்சு முழுவதும் பதிவு செய்யப்படும். சில மையங்களில் தேர்வாளர் நேரில் இல்லாமல் காணொளியில் இருப்பார். நிமிடங்களும் பகுதிகளும் மாறாது. அவர் இடைமறித்தால் பதற வேண்டாம். நேரக் கட்டுப்பாட்டுக்காக நிறுத்துவார், நீங்கள் தவறாகப் பேசியதாகப் பொருளில்லை. கேள்வி புரியாவிட்டால் “சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?” என்று கேட்கலாம். பிழை வாயில் வந்துவிட்டால் அதே மூச்சில் திருத்திக்கொண்டு நகருங்கள், மன்னிப்புக் கேட்டு நிற்காதீர்கள்.

கணினித் தேர்வு எழுதினால் சில நாட்களில் முடிவு வரும். நான் எழுதிய காலத்தில் தாள் தேர்வுக்கு 13 நாள் ஆனது.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் இரண்டு வழிகள் உண்டு. மறுமதிப்பீடு கேட்பதானால் தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் உயர்ந்தால் அதற்கான கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். 6.5 வந்து 7 வேண்டும் என்றால் யோசிக்கலாம். எனக்கு வந்தது 6, ஆகவே கேட்கவில்லை. மற்றது, கணினித் தேர்வு எழுதியவர்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதுவது. கட்டணம் முழுத் தேர்வைவிடக் குறைவு. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் செவிலியர் மன்றமோ பல்கலைக்கழகமோ ஏற்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். செவிலியர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்: கல்லூரியிலிருந்தும் மாநிலச் செவிலியர் மன்றத்திலிருந்தும் வர வேண்டிய சான்றுகளுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். தேர்வுக்குப் பணம் கட்டும் வாரத்திலேயே அந்த விண்ணப்பங்களையும் அனுப்பிவிடுங்கள்.